டிஃபென்ஸ்மேன் வாழ்க்கை என்றால் யாருடையது: பாபி ஓரா, லிட்ஸ்ட்ராமா?

நீலக்கோடு

போன வாரம் இங்கே ஒருவர், "ஐஸ் ஹாக்கியில் டிஃபென்ஸ்மேன் என்றால் பாபி ஓர்தான், பேச்சுக்கே இடமில்லை" என்று எழுதியிருந்தார். பேச நிறைய இருக்கிறது. திறமையில் யார் உச்சம் என்று கேட்டால் நானும் பாபி ஓர் என்றுதான் சொல்வேன். ஆனால் டிஃபென்ஸ்மேனாக, அதாவது தற்காப்பு ஆட்டக்காரராக, ஒரு முழு வாழ்க்கையை ஆடிக் காட்டியவர் யார் என்றால், டெட்ராய்ட் ரெட் விங்ஸின் நிக்லஸ் லிட்ஸ்ட்ராம்.

வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீக்கில் அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1989-இல் 53-ஆவதாக எடுக்கப்பட்ட ஸ்வீடன்காரர். 1991 முதல் 2012 வரை ஒரே அணி. 20 சீசன், 1,564 ஆட்டங்கள். அந்த 20 சீசனிலும் டெட்ராய்ட் பிளேஆஃபுக்கு, அதாவது கோப்பைக்கான நாக்அவுட் சுற்றுகளுக்கு, போகாத ஆண்டே கிடையாது. லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை நான்கு: 1997, 1998, 2002, 2008. சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நாரிஸ் கோப்பை ஏழு தடவை, கடைசியாக வாங்கியது 2011-இல், 41 வயதில். அத்தனை ஆட்டத்திலும் சேர்த்து அவர் வாங்கிய பெனால்டி, அதாவது தப்புக்காக வெளியே உட்கார வைக்கும் நேரம், 514 நிமிடம். கணக்குப் போட்டால் ஆறு ஆட்டத்துக்கு ஒரு இரண்டு நிமிடப் பெனால்டி. எதிரணியின் முதல் வரிசையை இரவுக்கிரவு தடுத்து நிறுத்துகிறவர் தப்பே செய்யாமல் அதைச் செய்தார் என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

நாலாம்நம்பர்

அதை எழுதியவன் நான்தான். மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

ஓர் வருவதற்கு முன்னால் ஒரு டிஃபென்ஸ்மேன் ஒரு சீசனில் எடுத்த அதிகபட்ச பாயின்ட், கோலும் அசிஸ்ட்டும் (கோலுக்கு உதவிய பாஸ்) சேர்த்து, 59. பியர் பிலோட், 1964-65. ஓர் 1969-70-இல் எடுத்தது 120. அந்த ஆண்டு லீக் முழுவதிலும் அவர்தான் முதலிடம், ஃபார்வர்டுகள் எல்லோரும் அவருக்குப் பின்னால். இரண்டாம் இடத்தில் அவருடைய பாஸ்டன் புரூயின்ஸ் அணியின் ஃபில் எஸ்போசிட்டோ, 99. லீக்கில் அதிக பாயின்ட் எடுத்தவருக்கான ஆர்ட் ராஸ் கோப்பையை ஒரு டிஃபென்ஸ்மேன் வாங்கியது சரித்திரத்திலேயே இரண்டு தடவைதான். 1970, 1975. இரண்டும் ஓர்.

நாரிஸ் கோப்பை 1968 முதல் 1975 வரை தொடர்ந்து எட்டு. 1967-இல் அதை வாங்கிய ஹாரி ஹவல், இனி இது ஓர் கைக்குத்தான் போகும் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். உங்கள் ஆள் அந்த இடத்தில் பிரமாதமாக ஆடினார், ஒத்துக்கொள்கிறேன். ஓர் அந்த இடம் என்ன என்பதையே மாற்றினார். அதற்குமுன் டிஃபென்ஸ்மேன் தன் பகுதியின் எல்லையான நீலக்கோட்டுக்குப் பின்னால் நின்று காவல் காப்பவர். இன்று கேல் மக்கார் என்ற டிஃபென்ஸ்மேன் பக்கை, அந்த ரப்பர் வட்டை, தன் கோல் பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் வரை ஸ்கேட் செய்து போகிறார் என்றால், அந்தப் பாதையைப் போட்டுக் கொடுத்தவர் ஓர்.

பனிமலர்

நான் இந்த ஆட்டத்துக்குப் புதிது. ஓரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் "+124" என்று வருகிறதே, அது என்ன?

ஸ்கார்பரோ_அண்ணை

பிளஸ்-மைனஸ் கணக்கு, தங்கச்சி. நீங்கள் பனியில் நிற்கும்போது உங்கள் அணி கோல் போட்டால் பிளஸ் ஒன்று, வாங்கினால் மைனஸ் ஒன்று. எதிரணி ஆள் பெனால்டியில் வெளியே இருக்கும் பவர் பிளேயில் போடும் கோல் சேராது. ஒரு சீசன் முடிவில் +30 என்றாலே நல்ல ஆட்டக்காரர். 1970-71-இல் ஓர் +124. அதற்குப் பிறகு மிக அருகில் வந்தவர் மொன்ட்ரியால் அணியின் லாரி ராபின்சன், 1976-77-இல் +120.

சிவப்புச்சிறகு

சரி, அந்த +124-ஐயே எடுப்போம். அந்த ஆண்டு புரூயின்ஸ் 399 கோல் போட்ட அணி. யார் நின்றாலும் பிளஸ் ஏறியிருக்கும். லீக் 1967-இல் ஆறு அணியிலிருந்து பன்னிரண்டாக விரிந்தது, 1970-இல் பதினான்கு. பழைய அணிகள் விட்டுக்கொடுத்தவர்களையும் சிறு லீக்கிலிருந்து வந்தவர்களையும் வைத்துத்தான் புது அணிகளை நிரப்பினார்கள். அப்படிப்பட்ட அணிகளுக்கு எதிராக எடுத்த பாயின்ட்டை இரண்டாயிரங்களின் பாயின்ட்டோடு நேராக வைத்துப் பார்க்க முடியாது.

அப்புறம், அந்த 399 கோல் அணி பிளேஆஃப் முதல் சுற்றிலேயே மொன்ட்ரியாலிடம் தோற்றது. எதிரே நின்ற கோல்கீப்பர் கென் டிரைடன், அதற்குமுன் லீக்கில் ஆறே ஆட்டம் ஆடியவர்.

நாலாம்நம்பர்

அந்த விரிந்த லீக்கில் ஓர் மட்டுமா ஆடினார்? பிராட் பார்க் ஆடினார், செர்ஜ் சவார்ட் ஆடினார். அதே பலவீனமான அணிகள்தான் அவர்களுக்கும் எதிரே வந்தன. அவர்கள் ஏன் 120 எடுக்கவில்லை? காலம் சுலபமானது என்றால் எல்லோருக்கும்தானே சுலபம்.

நீலக்கோடு

பாயின்ட்டை வைத்தே பேசிக்கொண்டிருந்தால் டிஃபென்ஸ்மேனைப் பற்றிப் பேசியதாகவே ஆகாது. நான் ஒரு தொடரைச் சொல்கிறேன்.

1997 ஸ்டான்லி கோப்பை இறுதி, டெட்ராய்ட் எதிர் பிலடெல்பியா. பிலடெல்பியாவின் முதல் வரிசை எரிக் லிண்ட்ராஸ், ஜான் லெக்ளேர், மிகேல் ரென்பெர்க். மூவருமே பெரிய உடம்புக்காரர்கள். லிண்ட்ராஸ் ஆறடி நாலங்குலம், மோதினால் ஆள் விழுவது நிச்சயம். டெட்ராய்ட்டில் அவரோடு முட்டிக்கொள்ளத் தோதான ஆள் விளாடிமிர் கான்ஸ்டான்டினோவ், அவரைத்தான் எதிரே விடுவார்கள் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். பயிற்சியாளர் ஸ்காட்டி போமன் அனுப்பியது லிட்ஸ்ட்ராமையும் லாரி மர்ஃபியையும். இருவருமே முட்டி மோதுகிறவர்கள் அல்ல.

அந்த ஆட்டங்களைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். லிண்ட்ராஸ் பக்கோடு நீலக்கோட்டைத் தாண்டும்போது லிட்ஸ்ட்ராம் ஓடிப்போய் இடிப்பதில்லை. பின்பக்கமாகவே ஸ்கேட் செய்துகொண்டு, ஒரு ஸ்டிக் நீளம் இடைவெளி விட்டு, அவரைப் பலகை ஓரமாகத் தள்ளிக்கொண்டே போகிறார். ஸ்டிக்கின் தட்டை நுனி எப்போதும் பனியைத் தொட்டபடி, பாஸ் போகக்கூடிய பாதையில் கிடக்கிறது. லிண்ட்ராஸ் நடுவில் போடப் பார்த்தால் ஸ்டிக் அங்கே இருக்கிறது. சுற்றிப்போகப் பார்த்தால் பலகை வந்துவிடுகிறது. இடிக்க ஆளே கிடைக்காதபோது அந்த உடம்பால் என்ன பயன்? தொடர் முழுவதிலும் லிண்ட்ராஸுக்கு ஒரே ஒரு கோல், அதுவும் நான்காவது ஆட்டம் முடியப் போகிற கடைசி விநாடிகளில். டெட்ராய்ட் 4-0 என்று தொடரை வென்றது. 1955-க்குப் பிறகு அவர்களுக்குக் கிடைத்த முதல் கோப்பை அது.

இந்த வேலை எந்தப் பட்டியலிலும் லிட்ஸ்ட்ராம் பெயரில் ஏறாது. டிஃபென்ஸ்மேனின் தொழிலே இதுதான் என்கிறேன்.

நாலாம்நம்பர்

அழகான விவரணை, அந்தத் தொடரை நானும் பார்த்திருக்கிறேன். இப்போது நான் ஒன்று சொல்கிறேன்.

1970 மே 10, பாஸ்டன் கார்டன், செயின்ட் லூயிஸ் எதிரணி, ஓவர்டைம். ஓர் கோல் போட்டுவிட்டுக் காற்றில் பறக்கும் அந்தப் புகைப்படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. படத்தில் தெரியாதது அதற்கு முந்தைய இரண்டு விநாடி. பலகை ஓரமாக பக் வெளியே வந்துகொண்டிருக்கிறது. வழக்கமான டிஃபென்ஸ்மேன் பின்வாங்குவார். ஓர் முன்னே பாய்ந்து அதை மறித்தார். தவறியிருந்தால் செயின்ட் லூயிஸ்காரர்கள் திறந்த பனியில் கோலை நோக்கிப் போயிருப்பார்கள். தவறவில்லை. கோலுக்குப் பின்னால் நின்ற டெரெக் சாண்டர்சனுக்குத் தட்டிவிட்டு நேராகக் கோல் முகத்துக்கு ஓடினார், பக் திரும்பி வந்தது, கோல். ஓவர்டைம் தொடங்கி 40 விநாடி. பாஸ்டனுக்கு 29 ஆண்டுக்குப் பிறகு கோப்பை.

எதிரணி பக்கை வெளியே எடுக்கவே முடியாமல் செய்தார். அது டிஃபென்ஸ் இல்லையா?

ஸ்கார்பரோ_அண்ணை

இரண்டு பேரும் ஆட்டத்தைப் பேசுகிறீர்கள். தலைப்பில் வாழ்க்கை என்று இருக்கிறது, அதையும் பேச வேண்டும். எனக்கு ஓரின் கதையைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கும்.

ஒன்டாரியோவின் பாரி சவுண்ட் பையன். 18 வயதில் லீக்குக்கு வந்தார். முதல் சீசனிலேயே இடது முழங்கால் அடிபட்டது. அந்தக் காலத்தில் முழங்காலைத் திறந்துதான் அறுவை செய்வார்கள், கிழிந்த குருத்தெலும்பை அப்படியே எடுத்துவிடுவார்கள். குழாய் கேமரா விட்டுச் சிறு துளையில் சரிசெய்யும் முறை பரவலானபோது அவருடைய காலம் முடிந்துவிட்டது. எலும்போடு எலும்பு உரசிக்கொண்டே ஆடினார். பன்னிரண்டுக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சை. 657 ஆட்டத்தோடு, 30 வயதில், 1978 நவம்பரில் விடைபெற்றார்.

அதைவிடக் கொடுமை ஏஜென்ட் விஷயம். ஆலன் ஈகிள்சன் ஓரின் ஏஜென்ட் மட்டுமல்ல, ஆட்டக்காரர் சங்கத்தின் தலைமையிலும் அவர்தான். ஓர் அவரைச் சொந்தச் சகோதரனைப் போல நம்பினார். 1976-இல் பாஸ்டன், ஓருக்குக் கழகத்தின் உரிமையிலேயே 18 சதவீதத்துக்கு மேல் பங்கு தர முன்வந்தது. அந்தச் செய்தியை ஈகிள்சன் ஓரிடம் சொல்லவில்லை. பாஸ்டன் உன்னை வேண்டாம் என்கிறது என்று நம்பித்தான் ஓர் சிகாகோ போனார். அங்கே மூன்று சீசனில் 26 ஆட்டம்தான் ஆட முடிந்தது. ஆடாமல் சம்பளம் வாங்க மனம் வராமல் சிகாகோ கொடுத்த காசோலைகளை அவர் மாற்றவே இல்லை. கடைசியில் கையில் காசில்லாத நிலை. ஈகிள்சன் 1998-இல் மோசடிக் குற்றத்துக்குச் சிறை போனார். ஓருக்கு இழந்த ஆண்டுகள் திரும்ப வரவில்லை.

நீலக்கோடு தம்பி, 657-ஐயும் 1,564-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீலக்கோடு

நினைவில் இருக்கிறது அண்ணை, நீங்கள் சொன்னதில் ஒரு வரிகூட மறுக்க மாட்டேன். ஓருக்கு நடந்தது அநியாயம்.

ஆனால் அநியாயம் நடந்ததால் ஆடாத ஆட்டங்களை ஆடியதாகக் கணக்கில் சேர்க்க முடியாது. 20 சீசன் உடம்பைக் காப்பாற்றியதும் திறமைதான், லிட்ஸ்ட்ராமுக்கு அது அதிர்ஷ்டத்தால் மட்டும் வந்ததல்ல. மோதல் வருவதற்கு முன்பே பக்கை விடுவித்துவிடுவார். இடித்து எடுப்பதைவிட ஸ்டிக்கால் தட்டி எடுப்பார். அதனால்தான் 41 வயதில் நாரிஸ் வாங்க முடிந்தது.

இன்னொன்று. 2004-05 சீசன் முழுக்க வேலைநிறுத்தத்தில் போனது. திரும்பி வந்தபோது விதிகளே மாறிவிட்டன. பிடித்து இழுத்துத் தடுக்கும் பழைய வேலைக்கெல்லாம் பெனால்டி. பல பெயர்பெற்ற டிஃபென்ஸ்மேன்கள் அதில் திணறினார்கள். லிட்ஸ்ட்ராம் நாரிஸை பழைய விதியில் 2001, 2002, 2003 வாங்கினார். புது விதியில் 2006, 2007, 2008 வாங்கினார். அவர் யாரையும் பிடித்து இழுத்ததே இல்லை, மாற்றிக்கொள்ள ஒன்றுமில்லை.

பனிமலர்

2004-05 ஆட்டக்காரர்கள் செய்த வேலைநிறுத்தம் இல்லை, உரிமையாளர்கள் போட்ட கதவடைப்பு என்று படித்தேனே?

சிவப்புச்சிறகு

ஆமாம், கதவடைப்புதான். சம்பள உச்சவரம்பு வேண்டும் என்று உரிமையாளர்கள் பூட்டினார்கள். பணம் கொட்டி அணி சேர்த்ததால்தான் டெட்ராய்ட் ஜெயித்தது என்பவர்களுக்கும் அதுவே பதில். உச்சவரம்பு வந்த பிறகும் 2008-இல் கோப்பை, கேப்டன் லிட்ஸ்ட்ராம். ஐரோப்பாவில் பிறந்து வளர்ந்து ஆடக் கற்ற ஒருவர் கேப்டனாகக் கோப்பை வாங்கியது அதுவே முதல் தடவை.

கொலராடோ77

ரே போர்க் பெயரை ஒருவரும் எடுக்கவில்லையே. 1,612 ஆட்டம், 1,579 பாயின்ட். அந்தப் பாயின்ட்டை டிஃபென்ஸ்மேன்களில் இன்றுவரை யாரும் தொடவில்லை. நாரிஸ் ஐந்து. 22 சீசன் காத்திருந்து 2001-இல் கோப்பை வாங்கி, அதோடு விடைபெற்றார். நீளமும் வேண்டும், பாயின்ட்டும் வேண்டும் என்றால் விடை அவர்தான்.

நாலாம்நம்பர்

போர்க்குக்குத் தனி இழை போடுங்கள், வந்து ஆதரித்து எழுதுகிறேன்.

நீலக்கோடு, "ஆடாத ஆட்டம்" என்றீர்கள். ஆடியதையே சொல்கிறேன். 1974-75, ஓரின் கடைசி முழு சீசன். முழங்கால் அநேகமாகப் போய்விட்டது. அந்தக் காலோடு 46 கோல், 135 பாயின்ட், லீக்கில் முதலிடம். அந்த 46-ஐ இன்னொரு டிஃபென்ஸ்மேன் தாண்ட பதினோரு ஆண்டு ஆனது, பால் காஃபி, 48. 1976 கனடா கோப்பையில் நடக்கவே சிரமப்பட்டவர், சோவியத், செக்கோஸ்லோவாக்கியா, ஸ்வீடன் எல்லாம் வந்த போட்டியின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். அங்கே விரிந்த லீக்கும் இல்லை, பலவீனமான புது அணியும் இல்லை. உலகத்தின் தேர்ந்த ஆட்டக்காரர்கள் எதிரே, ஓருக்கு ஒரு கால்.

லிட்ஸ்ட்ராமின் எந்த ஒரு சீசனை இதற்குப் பக்கத்தில் வைப்பீர்கள்?

நீலக்கோடு

ஒரு சீசனை வைக்க மாட்டேன். இருபதையும் சேர்த்து வைப்பேன்.