புதுப்பிப்பு: மூட்டு மாற்று அறுவைக்குப் பின் 6 நாள் தங்கல் குறைந்த விதம்

தண்டையார்பேட்டைப் பக்கம் நான் பணிபுரியும் மருத்துவமனையில், முழங்கால் மூட்டு மாற்று அறுவை முடிந்தவர்கள் ஏன் 6 நாள் வரை தங்க நேர்கிறது என்று சில மாதங்களுக்கு முன் இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

பலன் தந்தது, எதையும் மாற்றும் முன் அளந்து பாருங்கள் என்ற யோசனைதான். வேலையில் உள்ள குறைகளைக் கண்டு களையும் சிக்ஸ் சிக்மா என்ற தர மேம்பாட்டு முறையின் ஐந்து படிகளில் அளப்பது இரண்டாவது. ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஒரு தாளைத் தொங்கவிட்டு, முதன்முதலாக எழுந்து நின்றது, படி ஏறியது, டிஸ்சார்ஜ் சம்மரி கையெழுத்தானது என நேரத்தைக் குறித்து வந்தபோது, மருத்துவக் காரணமே இல்லாத காத்திருப்புதான் அதிகம் என்று தெரிந்தது: சனிக்கிழமை அறுவை செய்துகொண்டவருக்கு ஞாயிறன்று பிசியோதெரபிஸ்ட் இல்லை, வாக்கரை வீட்டார் அறுவைக்குப் பிறகே வாங்கப் போனார்கள். இப்போது மூட்டு அறுவைகள் திங்கள் முதல் புதன் வரை மட்டுமே. வாக்கர் பயிற்சி அறுவைக்கு முன்பே முடிந்துவிடும். பெரும்பாலானோர் நான்காம் நாள் வீடு திரும்புகிறார்கள்.

எதிர்பாராதது கழிப்பறை. குந்தும் கழிப்பறையும் செங்குத்தான மாடிப்படியும் உள்ள வீட்டுக்குப் போக அஞ்சியே, "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேம்மா" என்று ராயபுரத்துப் பாட்டி ஒருவர் கெஞ்சினார். கமோடு நாற்காலி வாங்கிவைக்கும்படி இப்போது புறநோயாளர் பிரிவிலேயே சொல்லிவிடுகிறோம். காப்பீட்டு ஒப்புதல் தாமதம் மட்டும் அப்படியேதான் இருக்கிறது.