கிளொக் 19 ஆ, சீஸெட் பி-01 ஆ? ஹூஸ்டனில் இருக்கும் கூட்டாளிக்காகக் கேட்கிறேன்

காரைதீவு மெக்கானிக்:

வணக்கம். கல்முனைக்குப் பக்கத்தில் காரைதீவில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். துவக்கு விஷயத்தில் எனக்கு அனுபவம் கிடையாது, அதனால்தான் கேட்கிறேன். என் கூட்டாளி ஒருவன், முதலாம் வகுப்பிலிருந்து ஒரே வாங்கில் இருந்து படித்தவன், 11 வருடமாக டெக்சாஸில் ஹூஸ்டனில் இருக்கிறான். கிறீன் கார்ட் இருக்கிறது. மனைவி, 4 வயது மகள். சின்னக் கடை ஒன்று நடத்துகிறான், இரவு 11 மணிக்குப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறவன். போன மாதம் அவர்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, ஆட்கள் உள்ளே இருக்கும்போதே கதவை உடைத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அவன் மனைவிக்கு நித்திரை இல்லை. வீட்டில் ஒரு பிஸ்டல் வைப்பது என்று இரண்டு பேரும் பேசி முடிவெடுத்துவிட்டார்கள், அதனால் வைப்பது சரியா பிழையா என்று நான் இங்கே கேட்கவில்லை.

தேடித் தேடி இரண்டில் வந்து நிற்கிறான். ஒன்று ஒஸ்ரியாக்காரரின் கிளொக் 19, மற்றது செக் நாட்டு சீஸெட் பி-01. இரண்டும் 9 மி.மீ., இரண்டும் நடுத்தர அளவு. முதல் சைக்கிள் வாங்கியதிலிருந்து எந்த மெசினை வாங்கினாலும் என்னிடம் கேட்டுத்தான் வாங்குவான், இதையும் கேட்கிறான். எனக்கு என்ன தெரியும்? சின்ன வயதில் துவக்குச் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே படுக்கத் தெரியும், அவ்வளவுதான். அவன் அனுப்பிய படங்களையும், கழற்றிப் பூட்டும் வீடியோக்களையும் ஒரு கிழமையாகப் பார்க்கிறேன். ஒரு மெக்கானிக்கின் கண்ணுக்கு சீஸெட் அழகான வேலை, உலோகச் சட்டம், நல்ல பொருத்தம். கிளொக் பிளாஸ்ரிக் மாதிரித் தெரிகிறது. ஆனால் உயிர் சம்பந்தப்பட்ட சாமானை அழகு பார்த்துச் சொல்ல எனக்குப் பயம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வாவிக்கரை, ஹூஸ்டனிலிருந்து:

அண்ணன், நான் களுவாஞ்சிக்குடி, இப்போது உங்கள் கூட்டாளி இருக்கும் அதே ஊரில்தான். 6 வருடமாகச் சுடப் பழகும் ரேஞ்சுக்குப் போய் வருகிறேன், இரண்டையும் சுட்டிருக்கிறேன்.

பிளாஸ்ரிக் என்று யோசிக்க வேண்டாம். கிளொக் 17-ஐ ஒஸ்ரிய இராணுவம் 1982-இல் எடுத்தது, அதைக் கொஞ்சம் கட்டையாக்கி 1988-இல் வந்ததுதான் 19. மேலே ஓடும் ஸ்லைட்டும் குழலும் உருக்குத்தான், கீழ்ச் சட்டம் மட்டும் பொலிமர். ரவை (தோட்டா) அடுக்கும் மகசீன் வெறுமையாக இருக்க கிட்டத்தட்ட 670 கிராம், 15 ரவை பிடிக்கும். சீஸெட்டின் சட்டம் அலுமினியக் கலவை, பாரம் 800 கிராமுக்குக் கிட்ட, மகசீன் பழையதில் 14, புதியதில் 15. அந்தப் பாரம் கெடுதல் இல்லை, சுடும்போது உதையை அது கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், கையில் சீஸெட் மெதுவாகத்தான் உதைக்கும்.

உண்மையான வித்தியாசம் சுடும்போது விரலால் இழுக்கும் விசையில் இருக்கிறது. கிளொக்குக்கு வெளியே சுத்தியல் இல்லை, உள்ளே ஊசி. முதல் வெடிக்கும் பதினைந்தாவது வெடிக்கும் விசை ஒரே மாதிரி, இரண்டரை கிலோ அளவில் இழுக்க வேண்டும். சீஸெட்டுக்குச் சுத்தியல் இருக்கிறது. முதல் இழுவை நீளம், பாரமும் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அந்த ஒரு வெடிக்குப் பிறகு சுத்தியல் பின்னுக்கே நிற்பதால் இரண்டாவதிலிருந்து விசை குட்டையாக, மெதுவாக வரும். ஆகவே ஒரே பிஸ்டலில் இரண்டு விதமான விசையைப் பழக வேண்டும். நான் முதன்முதல் சீஸெட் எடுத்த அன்று முதல் வெடி குறிக் கடதாசியில் கீழே போனது, இரண்டாவது வெடி நான் எதிர்பார்க்க முன்னமே போனது. இரண்டு மாதம் பிடித்தது சரியாக வர. இப்போது எனக்கு அதுதான் விருப்பம், ஆனால் நான் கிழமைக்கு ஒரு நாள் போகிறவன்.

உங்கள் கூட்டாளி கிழமைக்கு ஒரு நாள் போவாரா, இல்லை வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுவாரா? அதைக் கேளுங்கள். போக மாட்டார் என்றால் கிளொக்.

ரொறன்ரோ அக்கா:

நான் கனடாவில், இங்கே 2022 ஒக்ரோபர் 21-லிருந்து கைத்துவக்கு விற்பதையும் வாங்குவதையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அதனால் பிஸ்டல் தேர்வில் நான் சொல்ல ஒன்றும் இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன் தம்பி. அந்த மனைவியும் பாவிக்கப் போகிறாரா? அப்படியென்றால் அவருடைய கையையும் அல்லவா பார்க்க வேண்டும், எல்லோரும் ஆம்பிளையின் கையைப் பற்றியே எழுதுகிறீர்கள்.

வாவிக்கரை, ஹூஸ்டனிலிருந்து:

அக்கா சொன்னது மிகச் சரி, நான் அதை எழுதியிருக்க வேண்டும். சீஸெட்டின் ஸ்லைட் சட்டத்துக்கு உள்ளேதான் ஓடுகிறது, சீஸெட் 75 குடும்பம் முழுக்க அப்படி. அதனால் குழல் கையோடு பதிந்து கிடக்கும், நல்லது. ஆனால் பின்னுக்கு இழுக்கப் பிடிக்க உலோகம் கொஞ்சமாகத்தான் வெளியே நிற்கும், விரல் வழுக்கும். என் மனைவிக்குச் சின்னக் கை, கிளொக்கின் ஸ்லைட்டை இழுக்கிறாள், சீஸெட்டில் கஷ்டப்படுகிறாள்.

இன்னொன்று, கழற்றித் துடைக்கும் விஷயம். கிளொக்கைக் கழற்றுவதற்கு முதல் விசையை ஒருதரம் இழுக்க வேண்டும். மகசீனை எடுத்துவிட்டு, குழலின் பின்பக்கத்து அறைக்குள் ரவை இல்லை என்று கண்ணால் பார்த்து, விரலை விட்டுத் தடவிப் பார்த்த பிறகுதான் இழுக்க வேண்டும். களைப்பில் அதை மறந்தவர்கள் சுவரைச் சுட்டிருக்கிறார்கள், சில பேர் கையைச் சுட்டிருக்கிறார்கள். சீஸெட்டில் ஸ்லைட்டிலும் சட்டத்திலும் இருக்கும் இரண்டு கோட்டை நேராக்கி, ஸ்லைட்டைப் பிடித்திருக்கும் முளையைத் தள்ளினால் போதும், விசையைத் தொடத் தேவையில்லை. இந்த இடத்தில் சீஸெட்டுக்குத்தான் என் வாக்கு.

சம்மாந்துறை வெள்ளாமைக்காரன்:

தம்பி, எனக்குப் பிஸ்டல் தெரியாது. பன்றிக்காக 12 போர் ஒன்று லைசன்ஸோடு 20 வருடமாக வைத்திருக்கிறேன், வருடா வருடம் புதுப்பிக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு 4 வயது என்று எழுதியிருக்கிறீர்கள், எல்லோரும் விசையைப் பற்றிப் பேசுகிறார்கள், பிள்ளையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

என் மகனுக்கு 5 வயது இருக்கும்போது, அலுமாரிக்கு மேலே வைத்த துவக்கை, கதிரைக்கு மேல் முக்காலியை வைத்து ஏறி எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றான். ரவை வேறு இடத்தில் பூட்டிக் கிடந்தது, அல்லாஹ் காப்பாற்றினான். நான் வாய்க்காலில் நின்று அதைப் பார்த்தேன், இப்போது எழுதும்போதும் கை நடுங்குகிறது. பிள்ளைக்குத் தெரியாத இடம், எட்டாத இடம் என்று ஒன்று கிடையாது. பூட்டு மட்டும்தான் இடம். துவக்கு வாங்க முதல் பெட்டி வாங்கச் சொல்லுங்கள், பெட்டி வீட்டுக்கு வந்து சுவரில் இறுக்கிய பிறகு துவக்கு வரட்டும்.

வாவிக்கரை, ஹூஸ்டனிலிருந்து:

சம்மாந்துறைக் காக்கா சொன்னதற்கு மேல் ஒன்றும் இல்லை. சட்டமும் அதைத்தான் சொல்கிறது. டெக்சாஸில் 17 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கைக்கு வரும்படி ரவை போட்ட துவக்கை விட்டு வைப்பது குற்றம். விரல் அடையாளத்தில் அல்லது இலக்கம் அமர்த்தித் திறக்கும் சின்னப் பெட்டிகள் இருக்கின்றன, கட்டிலுக்குப் பக்கத்தில் இறுக்கலாம், இருட்டில் இரண்டு மூன்று செக்கனில் திறக்கலாம்.

இதையும் அவரிடம் சொல்லுங்கள் அண்ணன். கடையில் 4473 என்று ஒரு படிவம் நிரப்பி, பின்னணி பார்த்துத்தான் தருவார்கள். 21 வயது வேண்டும், கிறீன் கார்ட் காணும். அவர் தன் காசில், தன் பெயரில் வாங்க வேண்டும். இன்னொருவர் காசைக் கொடுத்து, எனக்காக நீ வாங்கித் தா என்று செய்வது மத்திய அரசின் சட்டத்தில் பெரிய குற்றம், ஊரில் போன் வாங்கிக் கொடுக்கிற மாதிரி நினைத்துவிடக் கூடாது. அப்புறம் இன்னொரு கேள்வி, கூட்டாளி எந்தக் கைக்காரர்?

காரைதீவு மெக்கானிக்:

இடக்கை! எழுத மறந்துவிட்டேன். பள்ளியில் அதற்காகவே அடி வாங்கியவன். அது முக்கியமா?

வாவிக்கரை, ஹூஸ்டனிலிருந்து:

மிக முக்கியம். சீஸெட் பி-01 இல் பின்னுக்கு நிற்கும் சுத்தியலைப் பத்திரமாகக் கீழே இறக்க ஒரு நெம்பு இருக்கிறது. அது இடப் பக்கத்தில் மட்டும்தான், வலக்கைக்காரனின் பெருவிரலுக்காக வைத்தது. இடக்கைக்காரன் பிடியை மாற்றித்தான் அதை அமர்த்த வேண்டும், ரவை போட்ட பிஸ்டலில் பிடியை மாற்றுவது நல்ல பழக்கம் இல்லை. கிளொக்கின் ஐந்தாம் தலைமுறையில் ஸ்லைட்டை விடும் நெம்பு இரண்டு பக்கமும் இருக்கிறது, மகசீன் பொத்தானை வலப் பக்கத்துக்கு மாற்றிப் பூட்டலாம். பிடியின் பின்பக்கத்துக்கும் வேறு வேறு அளவுத் தகடு வரும், மனைவியின் கைக்கும் பார்த்துப் போடலாம்.

ஆனால் கிளொக்குக்கு வெளியே தட்டிவிடும் சேஃப்டி கிடையாது. விசைக்குள் ஒரு சின்ன நாக்கு, அதோடு உள்ளே இரண்டு தடுப்பு, அவ்வளவுதான். விரல் விசையில் பட்டால் வெடிக்கும். விசையை முழுக்க மூடும் கடினமான உறை இல்லாமல் இடுப்பிலோ பையிலோ செருகக் கூடாது, வெடி வைக்க முடிவெடுக்கும் வரைக்கும் விரல் சட்டத்தில் நீளமாகக் கிடக்க வேண்டும்.

இனி நாங்கள் எழுதிப் பிரயோசனம் இல்லை. இங்கே பல ரேஞ்சுகளில் இரண்டும் வாடகைக்குக் கிடைக்கும். கணவனும் மனைவியும் போய் ஆளுக்கு 50 ரவை, இரண்டிலும் சுட்டுப் பார்க்கட்டும்.

காரைதீவு மெக்கானிக், பத்து நாளுக்குப் பிறகு:

எல்லோருக்கும் நன்றி. போன சனிக்கிழமை இரண்டு பேரும் போய்ச் சுட்டார்கள், கடதாசிகளைப் படம் எடுத்து அனுப்பினான். பார்த்தால் சீஸெட்டில்தான் அவனுடைய துவாரங்கள் நெருக்கமாக விழுந்திருக்கின்றன, முதல் வெடியைத் தவிர. ஒவ்வொரு மகசீனிலும் முதல் வெடி மட்டும் தனியாக, ஒரு சாண் கீழே கிடக்கிறது. வீட்டுக்குள் ஒருவன் வந்தால் எனக்கு அந்த முதல் வெடிதானே மச்சான் என்றான், எனக்கு அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. மனைவிக்கு சீஸெட்டின் ஸ்லைட் கடைசி வரைக்கும் சரியாக இழுபடவில்லை, கிளொக்கில் பின்தகடு இல்லாமல் சின்னப் பிடியோடு பத்துக்கு எட்டு நடுவில் போட்டிருக்கிறார்.

கிளொக் என்று முடிவாகிவிட்டது. அழகான மெசினை விட்டுவிட்டுப் போக எனக்குத்தான் மனமில்லை.

சம்மாந்துறைக் காக்காவின் பதிலை அப்படியே அவனுக்கு வாசித்துக் காட்டினேன், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பெட்டி நேற்று வந்திருக்கிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் நான்கு போல்ட்டில் இறுக்கிய படத்தை அனுப்பினான், ஒரு போல்ட் சரிவாக நிற்கிறது, கழற்றித் திரும்பப் பூட்டச் சொன்னேன். வருகிற இரண்டு சனிக்கிழமையும் இரண்டு பேருக்கும் வகுப்பு. அது முடிந்த பிறகுதான் கடைக்குப் போவார்கள்.