17 வருஷமா கொட்டகையில் நிற்கும் 1986 பத்மினி: சரி பண்ணலாமா, பிரித்துக் கொடுத்திடலாமா?

கேள்வி – கொட்டகை வண்டி

1986 பிரீமியர் பத்மினி, பெட்ரோல், ஸ்டீயரிங்கில் கியர். புதுக்கோட்டை பக்கம் தகரக் கொட்டகையில் 2008 முதல் நிற்கிறது. கீழே மண் தரை. நாலு டயரும் காற்று இறங்கி மண்ணில் பதிந்திருக்கு. ஹேண்ட் பிரேக் போட்டபடியே விட்டிருக்காங்க. டேங்கில் கொஞ்சம் பெட்ரோல் கிடக்கு, பேட்டரி இல்லை. ஆர்.சி. புக் ஒரிஜினல் இருக்கு, ஆனால் இறந்துபோன தாத்தா பேரில். புதுப்பித்தது 2006 வரைக்கும்தான்.

பழைய இரும்புக்காரர் 25,000 தருகிறேன் என்கிறார். மெக்கானிக் ஒருத்தர், பேட்டரி வைத்து கார்ப்பரேட்டரில் பெட்ரோல் ஊற்றினால் ஸ்டார்ட் ஆகிவிடும், ஓடினால் வைத்துக்கோ என்கிறார். எதை வைத்து முடிவெடுப்பது?

பதில் – நாலாவது கியர்

தம்பி, பேட்டரி பக்கமே போகாதீங்க. இத்தனை வருஷம் நின்ற எஞ்சினில் பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டியிருக்கும். வால்வு ஒன்று கைடில் (அது ஏறி இறங்கும் குழாயில்) சிக்கியிருந்தால், செல்ப் அடித்த முதல் சுற்றிலேயே வால்வைத் தள்ளும் புஷ் ராடு வளையும். அப்புறம் செலவு ரெண்டு மடங்கு.

நாலு பிளக்கையும் கழற்றுங்க. டீசலும் ஏ.டி.எஃப். ஆயிலும் (ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் ஆயில்) சரிபாதி கலந்து சிலிண்டருக்கு 30 மில்லி ஊற்றி, துணி வைத்து மூடி மூணு நாள் விடுங்க. வற்றினால் திரும்ப ஊற்றுங்க. ராக்கர் கவரை (எஞ்சின் மேலே வால்வுகளை மூடியிருக்கும் மூடி) கழற்றி ஒவ்வொரு வால்வு முனையிலும் மரக்கட்டை வைத்து லேசாகத் தட்டிப் பாருங்க, உடனே எகிறி மேலே வரணும். அதற்குப் பிறகு கிராங்க் புல்லி நட்டில் நீளக் கைப்பிடி ஸ்பானர் போட்டு, முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமா ஆட்டுங்க. ஒரே பக்கமா பலம் கொடுத்தால் ரிங் உடையும். ஆட ஆரம்பித்தால் பாதி வேலை முடிஞ்சது. பத்து நாளாகியும் அசையவில்லை என்றால் ஹெட்டை (சிலிண்டர்களின் மேல் பகுதி) கழற்றித்தான் பார்க்கணும்.

சுற்றிய பிறகும் உடனே ஓட்ட வேண்டாம். ஆயில் டிப் ஸ்டிக்கை முகர்ந்து பாருங்க. பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு) கிழிந்து பெட்ரோல் சம்பில் (எஞ்சின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) இறங்கியிருக்கு என்று அர்த்தம். எப்படியும் சம்பைக் கழற்றி, அடியில் தார் மாதிரி படிந்ததை வழித்து எடுத்துட்டுத்தான் புது ஆயில் ஊற்றணும். டேங்கை இறக்கிக் கழுவுங்க, அந்தப் பழைய பெட்ரோலில் ஒரு சொட்டுகூட உபயோகிக்காதீங்க. இப்போ பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அது பழைய ரப்பர் ஹோஸைக் கரைக்கும், டேங்குப் பிசினை இளக்கி கார்ப்பரேட்டர் ஜெட்டில் அடைக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸும் டயாஃப்ரமும் மாற்றாமல் ஓட்டினால் தீ அபாயம்.

பதில் – டிங்கர் பட்டறை

அண்ணன் சொன்ன எஞ்சின் வேலை அத்தனையும் சரி. ஆனால் சார், எஞ்சினை வைத்து முடிவெடுக்காதீங்க. 1089 சி.சி. எஞ்சின் கட்டிப்போயிருந்தால் வேறொன்று வாங்கிப் போடலாம். பத்மினிக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடியேதான் சேஸிஸ். பாடி போனால் வண்டியே போச்சு.

ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவர், துணி சுற்றிய காந்தம், டார்ச். இது மூணும் போதும். மேட்டைத் தூக்கிவிட்டு அடித்தகடு முழுக்கக் குத்திப் பாருங்க. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகடு இருக்கே, ரன்னிங் போர்டு என்பாங்க, அதை அடிப்பக்கமிருந்து குத்துங்க. மேலே பளபளப்பா இருக்கும், உள்ளே சல்லடையா இருக்கும். ஜாக்கி வைக்கும் இடம், முன் கதவுக் கீல் அடிப்பகுதி, பேட்டரி தட்டுக்குக் கீழே, டிக்கியில் ஸ்டெப்னி குழி, எல்லாம் பார்க்கணும். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி தடவியிருக்காங்க.

ரொம்ப முக்கியம், பின்பக்க லீஃப் பட்டை (ஸ்பிரிங் பட்டை) மாட்டும் இடமும் முன் சஸ்பென்ஷன் தாங்கும் இடமும். அடித்தகட்டில் ஓட்டை என்றால் 18 கேஜ் தகடு வெட்டி வைத்து ஒட்டிடலாம். பட்டை மாட்டும் இடம் கரைந்திருந்தால் அந்தப் பாடியை நான் எடுக்கமாட்டேன். அங்கே ஒட்டுப் போட்டால் பள்ளத்தில் இறங்கும்போது பிய்த்துக்கொண்டு வரும், பின் அச்சே திரும்பிவிடும்.

இன்னொன்று: நாலு கதவின் இடுக்கையும் பாருங்க. மேலே நெருக்கமாகவும் கீழே அகலமாகவும் இருந்தால் பாடி நடுவில் தொய்ந்துவிட்டது.

பதில் – ஃபார்ம் 25

பட்டறைக்குக் காசு கொடுக்கும் முன்னாடி ஆர்.டி.ஓ. ஆபீஸ். 15 வருஷத்துக்குப் பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்கணும், அதுக்கு ஃபார்ம் 25. இறந்தவர் பேரிலிருந்து மாற்ற ஃபார்ம் 31, கூடவே இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும். 2025 ஆகஸ்டில் மாறிய விதிப்படி 20 வருஷம் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணமே 10,000. அதன் மேல் தாமதக் கட்டணம், பசுமை வரி. பழைய கையெழுத்துப் புத்தகம் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கா என்று முதலில் கேளுங்க. ஏறாவிட்டால் அதை ஏற்றவே அலைச்சல் இருக்கும். 'விண்டேஜ்' என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க, அதற்கு 50 வருஷம் ஆகணும், உங்களுக்கு 2036.

சேஸிஸ் நம்பரை பேப்பர் வைத்து பென்சிலால் தேய்த்து அச்சு எடுங்க. ஆர்.சி.யோடு ஒரு எழுத்துகூட மாறக்கூடாது.

பிரிப்பதாக முடிவெடுத்தாலும் பேப்பர் வேலை உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 55-வது பிரிவுப்படி வண்டி அழிந்தால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து பதிவை ரத்து செய்யணும். பழைய இரும்புக்காரர் கையில் ஆர்.சி. புக்கையும் சேஸிஸ் நம்பர் அடித்த தகட்டையும் சேர்த்துக் கொடுத்துடாதீங்க. திருட்டு வண்டிக்கு உங்க தாத்தா பேர் ஏறிடும்.

கொட்டகை வண்டி (மூணு வாரம் கழித்து)

எல்லாருக்கும் நன்றி. ஆறாவது நாள் எஞ்சின் அசைந்தது, இப்போ லேசாகச் சுற்றுது. கம்ப்ரஷன் (சிலிண்டர் அழுத்தம்) 110, 105, 60, 108 பி.எஸ்.ஐ. மூணாவதில் 10 மில்லி ஆயில் விட்டுப் பார்த்தால் 62. டிரைவர் கால் வைக்கும் இடத்தில் உள்ளங்கை அளவு ஓட்டை. இடது ரன்னிங் போர்டில் ஸ்க்ரூ டிரைவர் மூணு இடத்தில் உள்ளே போயிடுச்சு. வலதுபக்கம் கெட்டி. பட்டை மாட்டும் இடம் அடியிலிருந்து குத்தினால் 'டங்' என்று சத்தம் வருது. கதவு இடுக்கு நாலும் ஒழுங்கு. சேஸிஸ் நம்பர் சரி, கம்ப்யூட்டரிலும் ஏறியிருக்கு.

நாலாவது கியர்

ஆயில் விட்டும் ஏறலைன்னா ரிங் இல்லை, வால்வு. ஹெட்டைக் கழற்றும் முன் மூணாவது சிலிண்டர் டாப்பெட் இடைவெளியை (வால்வு முனைக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே உள்ளது) பாருங்க. இடைவெளியே இல்லாவிட்டால் வால்வு மூடாமல் நிற்கும், அதுவே காரணமாக இருக்கலாம். இல்லையென்றால் ஹெட் இறக்கி வால்வு கிரைண்டிங். ஹெட் அலுமினியம், தண்ணீர் தேங்கி நின்ற ஓட்டைகளைச் சுற்றி அரித்திருக்கும். ஸ்கேல் வைத்து மட்டம் பார்க்காமல் புது கேஸ்கெட் போடாதீங்க.

டிங்கர் பட்டறை

இந்தப் பாடியைப் பிரிப்பது பாவம் சார். ஒரு பக்க ரன்னிங் போர்டும் ஒரு ஓட்டையும் இந்த வயசுக்கு ஒண்ணுமே இல்லை. பிரித்தால் பம்பர், கிரில், கியர் ராடு செட், கண்ணாடி, பின் அச்சு ஹவுசிங் நல்ல விலை போகும், மற்றதெல்லாம் எடைக்குத்தான். மும்பை டாக்சிகள் 2023 அக்டோபரோடு நின்றபோது சாமான் நிறைய வெளியே வந்தது, அதனால் உங்களுக்கும் வேண்டியது கிடைக்கும், சென்னை புதுப்பேட்டை பழைய சாமான் கடைகளிலும் தேடுங்க.

அழுகிய தகட்டை வெட்டும் முன் கதவுத் திறப்பில் குறுக்கே 25 மி.மீ. ஆங்கிள் வைத்து வெல்டு பண்ணச் சொல்லுங்க. இல்லாவிட்டால் வெட்டியதும் பாடி தொய்ந்து கதவு மூடாது. கேஸ் வெல்டிங் வேண்டாம், தகடு முறுக்கிக்கும். மிக் வெல்டிங், அதுவும் ஒரு அங்குலம் இங்கே ஒரு அங்குலம் அங்கே என்று மாற்றி மாற்றி. பிறகு பிரேக்: டிரம்மை ஓரத்தில் அடிக்காமல் அட்ஜஸ்டரைத் தளர்த்திக் கழற்றி, மாஸ்டர் சிலிண்டர், எல்லா வீல் சிலிண்டர் ரப்பரும் புதுசு, டாட் 3 ஆயில். எஞ்சின் அதற்கப்புறம். பெயின்ட் கடைசி. முதலில் பெயின்ட் அடித்த வண்டிதான் பாதியில் நிற்கும்.

ஆனால் காசு கொடுக்கும் முன்னாடி ஒரே ஒரு வேலை பாக்கி. பின் சீட்டைத் தூக்கிவிட்டு, பட்டை மாட்டும் இடத்தை மேலிருந்தும் குத்திப் பாருங்க. அடியில் 'டங்' என்று கேட்டாலும் மேல் மடிப்பில் தண்ணீர் தேங்கி அரித்திருக்கும். அங்கே உள்ளே போனால் நான் மேலே சொன்னதை எல்லாம் மறந்துட்டு, ஃபார்ம் 25 சார் சொன்ன ரத்து வேலையை ஆரம்பிங்க.