மக்களவை இடங்களைக் குறைத்தால் என்ன?

தண்டையார்பேட்டை வாசகர்:
இத்தாலி 2020ஆம் ஆண்டு பொது வாக்கெடுப்பு நடத்தி, தன் கீழவையை 630 இடங்களிலிருந்து 400ஆகவும் மேலவையை 315இலிருந்து 200ஆகவும் குறைத்துக்கொண்டது. இங்கோ 543 பேர் போதாதென்று, புதிய கட்டடத்தின் மக்களவைக் கூடத்தில் 888 இருக்கைகள் போட்டு வைத்திருக்கிறார்கள். செலவைக் கருதியாவது நாமும் குறைத்தால் என்ன?

ராயபுரம் வழக்கறிஞர்:
ஐயா, இத்தாலியின் மக்கள்தொகை ஏறத்தாழ 6 கோடி. குறைத்த பின்னரும் அங்கே கீழவை உறுப்பினர் ஒருவருக்கு ஒன்றரை லட்சம் பேர்தான். 2024 தேர்தலின்போது நம் வடசென்னைத் தொகுதியில் வாக்காளர்கள் மட்டுமே ஏறத்தாழ 15 லட்சம். அதில் அடங்கிய ஆறு சட்டமன்றத் தொகுதிகளுக்குச் சராசரி பார்த்தாலே இரண்டரை லட்சம் வருகிறது. அங்கேயும் அடி வாங்கியவை சிறிய பகுதிகள்தாம்: பாசிலிக்காட்டாவுக்கு 7 மேலவை உறுப்பினர்கள் இருந்த இடத்தில் இப்போது 3 பேர்.

எண்ணூர் ஓய்வுபெற்ற ஆசிரியை:
2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கழிமுகம் முழுவதும் படர்ந்து, மீனவர்களின் வலையும் படகும் பாழானதை நேரில் பார்த்தவள் நான். துறைமுகம், பெட்ரோலியம், கடலோர ஒழுங்குமுறை என எங்கள் பகுதியை அழுத்தும் விவகாரங்களில் பெரும்பாலானவை தில்லியின் கையில் இருக்கும்போது, அங்கே எங்களுக்காகக் கேள்வி கேட்க இருக்கும் ஒருவரையும் இன்னும் பெரிய தொகுதிக்குப் பங்கு போடச் சொல்கிறீர்களா?

பெரம்பூர் வாசகர்:
அம்மா சொல்வது நியாயம்தான். ஆனால், 1985இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு, கொறடாவின் ஆணையை மீறி வாக்களித்தால் பதவியே பறிபோகக்கூடும். ஆகவே 400 பேர் இருந்தாலும் 888 பேர் இருந்தாலும் வாக்கு கட்சியுடையதே. (எங்கள் தெருச் சங்கத்திலும் தலைவர் கை தூக்கினால்தான் மற்றவர்கள் தூக்குவார்கள்!) முதலில் திருத்த வேண்டியது அந்தச் சட்டத்தை.

தண்டையார்பேட்டை வாசகர்:
வழக்கறிஞர் காட்டிய கணக்குக்குப் பிறகு, குறைக்க வேண்டும் என்பதை நான் வலியுறுத்தவில்லை. ஆனால் கூட்டுவதற்கும் மனம் ஒப்பவில்லை. 1962இல் 41ஆக இருந்த தமிழ்நாட்டின் இடங்கள், மக்கள்தொகைக் கணக்கால் 1967இல் 39 ஆயின. 1976 முதல் நிறுத்திவைக்கப்பட்ட மறுபங்கீட்டை மீண்டும் தொடங்கி, அதே கணக்கில் இடங்களைக் கூட்டினால், குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகக் கடைப்பிடித்த நம் மாநிலத்தின் பங்கு எவ்வளவு சுருங்கும் என்பதை வழக்கறிஞர் ஐயா விளக்கினால் நன்று.