அச்சில் வந்த பேகன் (இயற்கையையும் பழைய தெய்வங்களையும் வணங்கும் இக்காலத்து மேற்கத்தியக் குழுக்கள்) இதழ்களைக் கையில் எடுத்துப் படித்தவர்கள் இருக்கிறீர்களா?

2009இல் வேலைக்காக லண்டன் போனேன். அலுவலகம் ஹோல்பர்ன் பக்கம். மதியம் சாப்பிட்டுவிட்டு பிரிட்டிஷ் மியூசியம் வரை ஒரு நடை போவது வழக்கமாகிவிட்டது. அந்த வழியில் மியூசியம் தெருவில் அட்லாண்டிஸ் என்று ஒரு சின்னப் புத்தகக் கடை இருக்கிறது, 1922இல் தொடங்கியது, மந்திரம், மாந்திரீகம், விட்ச்கிராஃப்ட் புத்தகங்களுக்கென்றே உள்ள கடை. அங்கேதான் ‘தி கால்ட்ரன்’ இதழை முதன்முதலாகக் கையில் எடுத்தேன். பில்லி சூனியம் பற்றி ஏதோ இருக்கும் என்று நினைத்துப் புரட்டினால், உள்ளே கிராமத்து வழக்கங்கள், மூலிகைகள், பழைய விட்ச் வழக்கு விசாரணைகளின் வரலாறு என்று பொறுமையாக எழுதிய கட்டுரைகள். விட்ச் என்பதைச் ‘சூனியக்காரி’ என்று தமிழில் மாற்றினால் அடுத்தவரைக் கெடுக்கிறவள் என்ற பொருள்தான் முன்னால் வந்து நிற்கும். இந்த இதழ்களை எழுதிப் படிக்கிறவர்கள் அப்படி இல்லை. நிலாவையும் பருவங்களையும் வணங்குகிறவர்கள், பழைய தெய்வங்களைத் தேடிப் போகிறவர்கள்.

மந்திர சக்தி இருப்பதாகச் சொல்லிக்கொள்வதைக் குற்றமாக்கிய 1735ஆம் ஆண்டின் விட்ச்கிராஃப்ட் சட்டத்தை இங்கிலாந்தில் நீக்கியதே 1951இல்தான். அதன் பிறகும் தாங்கள் விட்ச் என்று வெளியில் சொல்லிக்கொள்ள ஆட்கள் தயங்கினார்கள். வேலை போகும், பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயத்துக்கு நடுவில் 1964இல் ‘பென்டகிராம்’ இதழ் வந்தது, 1968இல் ‘தி விக்கன்’ (1994இலிருந்து அதன் பெயர் ‘பேகன் டான்’). அதே 1968இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ‘கிரீன் எக்’ ஒற்றைத் தாளாக ஆரம்பித்தது, நம் சைக்ளோஸ்டைல் மாதிரி ஒரு முறையில் பிரதி எடுத்து. பக்கத்து வீட்டுக்காரரிடம் பேச முடியாத விஷயத்தை எங்கோ ஓர் ஊரில் இருக்கும் முகம் தெரியாத ஒருவருக்குத் தபாலில் சொல்ல இந்த இதழ்கள்தான் வழி.

‘கிரீன் எக்’ பழைய பிரதி ஒன்று, எழுபதுகளில் வந்தது, எனக்கு இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி ஊரில் ஒரு பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. தாள் பழுப்பேறி, ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து, பின் இருந்த இடத்தைச் சுற்றி ஒரு காவி வளையம். கட்டுரைகளைவிட வாசகர் கடிதங்கள்தான் என்னைப் பிடித்துக்கொண்டன. பக்கம் பக்கமாகக் கடிதம், ஒருவர் போன இதழில் எழுதியதற்கு இன்னொருவர் பதில், அதற்கு அவரே மறுபடி பதில். சண்டையும் உண்டு. ஒரு கடிதத்தின் ஓரத்தில் யாரோ பென்சிலால் இரண்டே சொல் எழுதியிருந்தார், ‘பதில் எழுது’ என்று, தனக்குத் தானே. அவர் எழுதினாரா, அது அச்சில் வந்ததா என்று இன்றுவரை யோசிக்கிறேன். அடுத்த இதழ் என்னிடம் இல்லை.

‘தி கால்ட்ரன்’ இதழை 1976இலிருந்து நடத்தியவர் மைக்கேல் ஹோவர்ட். நாற்பது ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. 2015இல் அவர் இறந்தார், இதழும் அவரோடு நின்றது. சந்தா குறைந்தது, தபால் செலவு கூடியது என்று ஆயிரம் காரணம் சொல்கிறோம், சரி, அதெல்லாம் உண்மைதான், ஆனால் பல இதழ்கள் உண்மையில் ஒரே ஆளின் முதுகில்தான் நின்றன. அந்த ஆள் போன பிறகு தூக்க ஆள் வரவில்லை.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்களேன்.

* * *

தம்பி, நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன். உங்கள் பதிவைப் படித்ததும் நெஞ்சு ஒரு மாதிரி ஆகிவிட்டது. 2007இலிருந்து இரண்டு வருடம் ஒரு பெரிய புத்தகக் கடையில் பகுதி நேரமாக வேலை பார்த்தேன், எனக்குக் கொடுத்தது பத்திரிகை அடுக்கு. ‘சேஜ்வுமன்’, ‘பான்கையா’, ‘நியூவிட்ச்’ என்ற பேகன் இதழ்கள் எல்லாம் யோகா இதழ்களுக்குப் பக்கத்தில் கடைசித் தட்டில் இருக்கும். மூன்றுமே ஆரிகன் மாநிலத்தில் ஒரு சின்னப் பதிப்பகத்திலிருந்து வந்தவை.

இளம் பெண்கள் வந்து அங்கேயே தரையில் உட்கார்ந்து படிப்பார்கள், வாங்கமாட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது என்று ஒரு பெண் என்னிடமே சொன்னாள். அவளுக்காக ஒரு பிரதியைப் பின்னால் தள்ளி வைத்திருப்பேன், அடுத்த வாரம் வந்து விட்ட இடத்திலிருந்து படிப்பாள்.

விற்காத பிரதியை என்ன செய்வோம் தெரியுமா? மேலட்டையை மட்டும் கிழித்துக் கணக்குக்கு அனுப்பிவிட்டு மீதியைப் பழைய காகிதத்தில் போட வேண்டும். முழு இதழைத் திருப்பி அனுப்பினால் லாரிச் செலவு கட்டாது. அச்சடித்த காசு, தாள் காசு எல்லாம் பதிப்பாளர் தலையில். பெரிய சினிமாப் பத்திரிகைக்கு இது ஒரு செலவே இல்லை, ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் சின்ன இதழுக்கு? ஒவ்வொன்றாக அட்டையைக் கிழிக்கும்போது வரும் அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

2009 பிப்ரவரியில் ஆண்டர்சன் நியூஸ் என்ற பெரிய பத்திரிகை விநியோக நிறுவனம் திடீரென்று நின்றுபோனது, பல கடைகளில் அடுக்கே காலியானது. அதே வருடம் ‘பான்கையா’வும் ‘நியூவிட்ச்’சும் ஒன்றாகி ‘விட்சஸ் அண்ட் பேகன்ஸ்’ ஆயிற்று. 2011இல் பார்டர்ஸ் புத்தகக் கடைகள் மொத்தமாக மூடின. அப்புறம் அந்த மாதிரி தரையில் உட்கார்ந்து படிக்க இடமே இல்லாமல் போயிற்று.

அட்டை கிழித்த ‘பான்கையா’ ஒன்றை நான் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். செய்யக்கூடாததுதான். குப்பையில் போட மனம் வரவில்லை.

* * *

நான் பிரிஸ்டலில் சமய ஆய்வில் முதுகலை படித்தேன், 2020இல். ஆய்வேட்டுக்கு, பேகன்களுக்கான ‘விட்ச்வாக்ஸ்’ இணையதளத்திலிருந்து நிறைய எடுத்துக் குறித்து வைத்திருந்தேன். 1997இல் தொடங்கியது, ஊர்வாரியாகக் குழுக்கள், விழாக்கள், கட்டுரைகள், எல்லாம் ஓரிடத்தில். இதழ்கள் குறைய அதுவும் ஒரு காரணம் என்றுகூட எழுதியிருந்தேன், மூன்று மாதம் காத்திருந்து தெரிந்துகொண்ட செய்தி அன்றே கிடைத்தால் சந்தா எதற்கு? ஆனால் 2019 டிசம்பரோடு அந்தத் தளமும் மூடிவிட்டது. அடிக்குறிப்பில் இருந்த சுட்டிகளைச் சரிபார்க்க உட்கார்ந்தேன், ஒன்றும் திறக்கவில்லை. சேமிப்புத் தளங்களில் தேடித் தேடிப் பாதியைத்தான் மீட்டேன்.

அதே வாரம் ஒரு நூலகத்தில் அறுபதுகளின் ‘பென்டகிராம்’ இதழைக் கேட்டேன். அட்டைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பெட்டியைத் திறந்தேன், இதழைப் பிரித்தேன், படித்தேன். ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகியும் அவ்வளவுதான் வேலை.

அண்ணா, அந்த ‘பதில் எழுது’ பக்கத்தை ஸ்கேன் செய்து போட முடியுமா? எந்தக் கடிதத்துக்கு என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.

* * *

போடுகிறேன் தம்பி, ஆனால் கடிதம் எழுதியவரின் பெயரையும் முகவரியையும் மறைத்துவிட்டுத்தான். அந்தக் காலத்தில் எவ்வளவு யோசித்து அனுப்பினாரோ.

அக்கா, உங்கள் ‘பான்கையா’ எத்தனையாவது இதழ் என்று பாருங்கள், ஆசிரியர் குழு விவரம் இருக்கும் பக்கத்தில் எண் இருக்கும். என் பெட்டியில் ‘பான்கையா’ நான்கு இதழ்கள் இருக்கின்றன, லண்டனிலிருந்து கோவைக்கு வரும்போது துணிகளைக் குறைத்துக்கொண்டு கொண்டுவந்தவை. அதில் உங்களுடைய இதழும் இருந்தால், அட்டையோடு உங்களுக்கு அனுப்பி வைக்கிறேன்.