அரிக்கொம்பன் என்ற காட்டு யானையை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

கம்பத்துக்காரர்:
2023 மே 27 காலை அது எங்கள் ஊருக்குள் வந்தபோது மொட்டை மாடியில் நின்றிருந்தேன். யானையைவிட ஜனங்களைத்தான் அதிகம் பார்த்தேன். கைப்பிடிச் சுவரில் ஏறிச் செல்போனை நீட்டியவர்கள், விசிலடித்தவர்கள், குழந்தையைத் தோளில் தூக்கிக் காட்டியவர்கள். ஆளில்லாத சந்தாகப் பார்த்து அது திரும்பினால், மறுபக்கத்தில் கூட்டம் முந்திக்கொண்டு நிற்கும். வனத்துறைக்காரர் ஒருவர், யானைக்கு முதுகைக் காட்டியபடி, எங்களைப் பார்த்துக் கும்பிடாத குறையாகக் கத்திக்கொண்டிருந்தார். 144 போட்ட பிறகுதான் தெரு அடங்கியது. அன்று யானையிடம் சிக்கிக் காயம்பட்டவர் சில நாளில் இறந்துபோனார். ஜூன் 5 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள்.

சின்னக்கானல் எஸ்டேட்டிலிருந்து (கேரளம், மூணாறு அருகே):
உங்களுக்குச் சில நாள், எங்களுக்கு வருஷக்கணக்கு. அரிசிக்காக ரேஷன் கடைச் சுவரை இடிக்கும். பிடித்துக் கும்கி ஆக்குங்கள் என்றோம். விலங்கு ஆர்வலர்கள் வழக்குப் போட, கேரள உயர் நீதிமன்றம் தடுத்தது. நிபுணர் குழு பறம்பிக்குளம் காட்டில் விடச் சொன்னது. அதன் பக்கத்து முதலமடை மக்கள் சாலையில் இறங்கினார்கள், அதுவும் போயிற்று. ஏப்ரல் கடைசியில் பெரியாறு காட்டில் விட்டார்கள். ஒரு மாதத்துக்குள் கம்பம். எந்தக் காடு அதற்குத் தோது என்பதைவிட, எந்த ஊர் சத்தம் போடவில்லை என்று பார்த்துத்தான் இடம் முடிவானது என்பேன். கொண்டுபோன பிறகு ரசிகர் மன்றம் வேறு! சுவர் இடிந்த ராத்திரிகளில் அந்த ரசிகர்களில் ஒருவரையும் இங்கே காணோம்.

வால்பாறைவாசி:
அரிக்கொம்பனை நான் பார்த்ததில்லை, எங்கள் ஊர் யானைகளைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் பக்கம் யானை நிற்கும் இடம் குறுஞ்செய்தியாக வந்துவிடும். சாலையோரத் தூணில் இருக்கும் சிவப்பு விளக்கை உள்ளூர்க்காரர்களே செல்போனில் அழைத்து எரியவிடுவார்கள். எரிகிறது என்றால் பக்கத்தில் யானை இருக்கிறது என்று பொருள். ஒருமுறை கடைசி பஸ்ஸில் வந்தபோது டிரைவர் விளக்கைப் பார்த்து நிறுத்தினார். தேயிலைக்குள் குட்டியோடு ஒரு கூட்டம். வேலை முடிந்து வந்த பெண்கள் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. பின்னால் வந்த சுற்றுலாக் கார்தான் ஹாரன் அடித்து முந்தப் பார்த்தது. டிரைவர் பஸ்ஸைச் சாலைக்குக் குறுக்கே திருப்பிப்போட்டு, இன்ஜினை அணைத்துவிட்டார்.