திரவ செல் சிப்: ஜன்னல் எங்கே கைவிடுகிறது?

பொறிப்பறை:
எலக்ட்ரான் நுண்ணோக்கியில் திரவத்தைப் பார்க்க, அதை இரண்டு சிலிக்கான் சிப்புகளுக்கு நடுவே அடைப்பதுதான் திரவ செல். சிலிக்கானை அரித்தெடுத்த இடத்தில் மிஞ்சும் மெல்லிய சிலிக்கான் நைட்ரைடு படலமே சிப்பின் ஜன்னல். ஜன்னல் அளவு சிப்புக்குச் சிப் மாறினால் எல்லாரும் மாஸ்க்கைத்தான் (அரிக்க வேண்டிய இடத்தைக் குறிக்கும் அச்சு) சந்தேகப்படுகிறார்கள். முதலில் வேஃபரின் (சிப்புகள் உருவாகும் சிலிக்கான் தகடு) தடிமனை அளந்து பாருங்கள். மேற்பரப்பு (100) படிகத் தளமாக உள்ள வேஃபரைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு 54.7 டிகிரிச் சரிவில் அரிக்கும். ஆகவே பின்பக்கத் திறப்பு = ஜன்னல் + தடிமன் × 1.414. 300 மைக்ரான் வேஃபரில் 20 மைக்ரான் ஜன்னலுக்குத் திறப்பு 444. வேஃபர் 10 மைக்ரான் தடித்திருந்தால் ஜன்னல் 6 மைக்ரானாகிவிடும். 15 கூடினால் பள்ளம் அடியில் கூர்ந்து நின்றுவிடும், ஜன்னலே வராது.

30 சதவீதக் கரைசல், 80 டிகிரியில் நிமிடத்துக்கு ஒரு மைக்ரானுக்குச் சற்று மேல் போகும். நாலரை மணி நேரம் ஒதுக்குங்கள். முடியும் தறுவாயில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் பள்ளத்தின் அடி மங்கலான சிவப்பாகத் தெரியும். சிலிக்கான் பத்து மைக்ரானை ஒட்டி வந்துவிட்டது என்று அர்த்தம். அங்கே சூட்டை 60க்கு இறக்கிவிடுங்கள். வேகமாகக் கிளம்பும் ஹைட்ரஜன் குமிழிதான் படலத்தைக் கிழிப்பது. வெளியே எடுக்கும்போது வேஃபர் செங்குத்தாக வரட்டும். படுக்கையாகத் தூக்கினால் நீரின் பரப்பு இழுவிசையே போதும், கிழித்துவிடும்.

நைட்ரைடு50:
இரு சிப்புகளுக்கும் இடையே இடைவெளி விடும் ஸ்பேசர் 150 நானோமீட்டர் என்பதால் திரவமும் 150தான் என்று நம்பாதீர்கள். உள்ளே ஒரு வளிமண்டல அழுத்தம், வெளியே வெற்றிடம். 50 நானோமீட்டர் நைட்ரைடு, இழுவிசை 200 மெகாபாஸ்கல் என்று கணக்குப் போட்டால், 50 மைக்ரான் அகல ஜன்னல் நடுவில் ஒரு மைக்ரான் அளவுக்கு உப்பும். அதுவும் இரு பக்கமும்! அகலத்தை 20 ஆக்கினால் 0.3 மைக்ரான்தான். நீளம் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும், அகலத்தில் கஞ்சத்தனம் நல்லது. இரண்டு நீள ஜன்னல்களைக் குறுக்காக வைத்தால் பொருத்துவதும் சுலபம். தெளிவான படம் வேண்டுமா, நடுவை விட்டுவிட்டு மூலைக்குப் போங்கள். திரவம் அங்கேதான் மெல்லியது.

தூசிக்காவல்:
நைட்ரைடு50 சொன்ன உப்பலைவிட எனக்குப் பெரிய எதிரி சிலிக்கான் துணுக்கு. சிப்பை வேஃபரிலிருந்து ஒடிக்கும்போது விளிம்பிலிருந்து உதிர்வது. 5 மைக்ரான் துணுக்கு ஒன்று உட்கார்ந்தால் ஸ்பேசருக்கு வேலையே இல்லை. மூடியதும் ஒளி நுண்ணோக்கியில் பாருங்கள்: ஏதாவது ஓர் இடத்தைச் சுற்றி வண்ண வளையங்கள் நெருக்கமாக இருந்தால் துணுக்கு அங்கேதான். பிரித்துக் கழுவிவிட்டு மறுபடி மூடுங்கள், திருகை இறுக்கிச் சரிசெய்ய நினைக்காதீர்கள்.

மூடுவதற்குச் சற்று முன் சிப்புகளுக்குப் பிளாஸ்மா (மின்னேற்றிய வாயு) ஒரு நிமிடம். இல்லாவிட்டால் துளி பரவாமல் முத்தாக நிற்கும். அரை மைக்ரோலிட்டர் போதும். மிச்சத்தை வடிதாளின் ஓரத்தால் உறிஞ்சுங்கள், தாள் ஜன்னலைத் தொடக்கூடாது.

பொறிப்பறை:
ஒன்று விட்டுப்போயிற்று. செல்லைத் தாங்கும் ஹோல்டரை நேரே எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள் விடாதீர்கள். தனி பம்ப் நிலையத்தில் அரை மணி நேரம் வைத்து அழுத்தமானியைக் கவனியுங்கள். முள் இறங்காமல் ஓரிடத்தில் தயங்கினால் முதலில் ஓ-ரிங்கை (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) பாருங்கள், பெரும்பாலும் ஒரு நூலிழை ஒட்டியிருக்கும்.